அடித்தல் திருத்தல் இல்லாமல்

மாலை ஆறு மணிக்குக் கூட்டுத் தவம் என்று பலகையில் எழுதிப் போட்டால் கூடம் நிறைந்துவிடும். அதே பலகையில் ‘அகத்தாய்வு, நோட்டும் பேனாவும் கொண்டு வரவும்’ என்று எழுதினால், பாதிப் பேர் வீட்டுக்கு அன்றைக்குப் பார்த்து விருந்தாளி வந்துவிடுவார்கள். மனவளக்கலை சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். கண்ணை மூடி உட்கார எல்லாருக்கும் பிடிக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் முகம் தெளிகிறது, அன்று ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது. மறுநாள் காலையில் அதே கொழுந்தனார் அதே வாசலில் வந்து நின்றதும் அதே எரிச்சல் வருகிறது. அப்போது, “தவம் பத்தலைங்க்கா, இன்னும் கொஞ்ச நேரம் உக்காரணும்” என்கிறார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊறிப்போன மனப் பழக்கமும் கசப்பான நினைவும் தவத்தால் மட்டும் கழன்று போவதில்லை. தவம் மனதை நிறுத்திப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கழற்றுகிற வேலை நோட்டில் நடக்கிறது. நான் சென்னிமலைக்காரி, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். ஆகவே நோட்டின் மேல் எனக்குக் கூடுதல் பற்று இருக்கலாம். இருக்கட்டும்.

மனவளக்கலையை வகுத்துத் தந்த வேதாத்திரி மகரிஷி 1911 ஆகஸ்ட் 14 அன்று கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். மகான் பரஞ்ஜோதியிடம் தீட்சை பெற்றார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை எழுப்பினார். 2006 மார்ச் 28 அன்று மறைந்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது ஒன்றைத்தான்: அவர் குடும்பஸ்தர். மனைவியை வாழ்த்துவதற்கென்றே ஆகஸ்ட் 30ஐ ‘மனைவி நல வேட்பு நாள்’ என்று வைத்தார். அது அவர் மனைவி லோகாம்பாள் பிறந்த நாள். காட்டுக்குப் போன துறவிக்கு நாத்தனாரும் இல்லை, பாகப்பிரிவினையும் இல்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே மனதைச் சுத்தம் செய்ய வேண்டியவர்களுக்கு அவர் வகுத்துக் கொடுத்த வேலைதான் அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியில் நான் யார். இதில் முதல் படியையும் மூன்றாவது படியையும் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். மற்றவை பெரிய பாடங்கள், தனியாகப் பேச வேண்டியவை.

எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மகரிஷி ஆறு இடம் சொல்கிறார்: தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத் தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். இதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் நிறைய. நோட்டில் போட்டுப் பார்ப்பவர்கள் கொஞ்சம். நான் சொல்லிக்கொடுக்கும் முறை எளிது. தவம் எதுவும் இல்லாமல் கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். வருகிற எண்ணத்தை ஒன்றுக்கு ஒரு வரியாக எழுத வேண்டும். நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆறில் எது என்று குறிக்க வேண்டும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும். கேஸ் புக் பண்ண வேண்டும்: தேவை. ஒரு டீ குடித்தால் தேவலை: பழக்கம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறதே, இன்றைக்கு என்ன விசேஷம்: சூழ்நிலை. சம்பந்தியம்மா இடம் வாங்கிப் போட்டிருக்கிறார்களாம், நாமும் வாங்கினால் என்ன: பிறர் தூண்டுதல். கோபம் வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறேனே, அப்பாவும் இப்படித்தானே செய்வார்: கருவமைப்பு. ஆறாவது இடம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். காலியாகவே விடச் சொல்வேன். தன் ஆசையை எழுதிவிட்டு எதிரே தெய்வீகம் என்று குறிப்பவர்களிடம் நான் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பேன்.

இரண்டு வாரம் எழுதியவர்கள் அநேகமாக ஒரே மாதிரி வந்து நிற்பார்கள். “எல்லாமே பழக்கத்துக்குப் போகுதுங்க.” அதுவரை ‘யோசிக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருந்தது யோசனையே இல்லை என்று தெரிவது சாதாரண விஷயமில்லை. ஒரு பெண் தன் மாமியாரோடு மனதுக்குள் நடத்தும் சண்டை முழுவதும் பாத்திரம் தேய்க்கும்போது மட்டுமே நடக்கிறது என்பதைத் தன் நோட்டிலிருந்து கண்டுபிடித்தார். சமைக்கும்போது வருவதில்லை, துணி மடிக்கும்போது வருவதில்லை. குழாயைத் திறந்து தேய்க்கிற நாரை எடுத்துக் குக்கரின் அடியில் வைத்ததும் மாமியார் வந்துவிடுகிறார். மாமியாரோ ஊரில் இருக்கிறார், வாரத்துக்கு ஒரு தடவை போனில் நன்றாகத்தான் பேசுகிறார். அந்தப் பெண்ணின் கைக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு முடிச்சு விழுந்திருந்தது, வேறொன்றுமில்லை. அது தெரிந்த பிறகு சண்டை நின்றுவிடவில்லை. ஆனால் அது தொடங்குவது தெரிந்தது. “வந்துட்டாங்களா” என்று சிரிக்க முடிந்தது. பழக்கத்தை எதிர்த்து மல்லுக்கு நிற்பதைவிட அது எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைத் தொட்டதும் கிளம்புகிறது என்று பார்ப்பது பயன் தரும் என்று இந்த ஒரு பக்கத்திலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

நினைவுகளின் கதை இதைவிடச் சிக்கலானது. என் சொந்தச் சரக்கையே எடுத்து வைக்கிறேன்.

என் நாத்தனார் மகளுக்குக் காது குத்து. மண்டப வாசலில் மொய் மேசை. நான் கவரை நீட்டினேன். நாத்தனார் அதை வாங்கிப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, “சங்கத்துல சம்பளம் வாங்குறவ வெக்கற மொய்யப் பாருங்க” என்றார். சுற்றி நின்றவர்கள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார். நடந்தது இவ்வளவுதான். அந்த மாதம் என் கையில் ஏன் அவ்வளவுதான் இருந்தது என்பதற்குக் காரணம் உண்டு. அதை இங்கே எழுதினால் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்று ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

சம்பவம் ஒரு நிமிஷம்கூட இல்லை. அதற்கு நான் மனதுக்குள் சொன்ன பதில்களுக்குக் கணக்கே கிடையாது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், மைக்கில் பெயரும் தொகையும் வாசிக்கிற சத்தம் கேட்டதும், அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் ஒன்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் பதில் இன்னும் கூர்மையாகும். நாத்தனாரின் குரலும் இன்னும் சத்தமாகும், சுற்றி நின்ற கூட்டமும் பெருகும். நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. என்னைப் படுத்தியது அந்த நினைவு இல்லை. நினைவு வந்ததும் அதற்கு நான் செய்துவந்த ஊழியம்தான் படுத்தியது. வழக்கு நடத்துவது, சாட்சி சேர்ப்பது, தீர்ப்பு எழுதுவது என்று எல்லா வேலையும் நானே செய்துகொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ‘மறந்து தொலைங்க’ என்று புத்தி சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மறக்க வேண்டும் என்று முயற்சி செய்தால் மறக்காது. அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களிடம், ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது, மீறி நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. இப்போது கரடியை நினைக்கலாம் என்று விட்டதும், முதலில் அடக்கி வைத்தவர்களுக்கு, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. அடக்கியது வட்டியோடு திரும்பி வந்தது. தவத்தில் உட்கார்ந்துகொண்டு நினைவை அமுக்கி வைப்பவர்களுக்கும் இதுவே நேர்கிறது. கண்ணை மூடியிருக்கும் வரை அமைதி, எழுந்து செருப்பைப் போட்டதும் கரடி.

அதனால் நான் முதலில் கொடுக்கும் வேலை, நடந்ததை மட்டும் எழுதுவது. கண் பார்த்ததும் காது கேட்டதும் போக மீதி எதுவும் அதில் வரக் கூடாது. கேட்க எளிது, எழுதிப் பாருங்கள். ஒருவர் ‘என்னைக் கேவலப்படுத்தினான்’ என்று எழுதுவார். கேவலப்படுத்துவது கண்ணுக்குத் தெரியுமா? என்ன தெரிந்தது? ‘நான் நீட்டிய தாம்பூலப் பையை வாங்காமல் திரும்பிப் போனான்.’ சரி, அதை எழுதுங்கள். ‘வேண்டுமென்றே கூப்பிடவில்லை.’ வேண்டுமென்றே என்பது யாருடைய மனசில் இருந்தது? ‘பத்திரிகை வரவில்லை.’ சரி. இப்படிச் சுண்டிச் சுண்டி வரும்போது ஒரு பக்கம் இருந்தது மூன்று வரியாக இளைக்கும். அந்த மூன்று வரி பொய் இல்லை, அது வலிக்கும், வலிக்கட்டும். மீதியெல்லாம் நாம் சேர்த்தது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள இந்த ஒரு வழிதான் எனக்குத் தெரியும்.

இப்படி மனதில் சேர்ந்த பதிவு கழிய மகரிஷி மூன்று வழி காட்டுகிறார். ஒன்று பிராயச்சித்தம். இரண்டு மேல்பதிவு. மூன்றாவது, தவ நிலையில் வேரோடு கரைவது. மூன்றாவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, அதற்கு உயர்ந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

பிராயச்சித்தம், நாம் செய்ததற்கு. நமக்கு நேர்ந்ததைவிட நாம் செய்தது அதிக நாள் உறுத்தும் என்பது நோட்டைத் திறந்த எல்லாருக்கும் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பல வருஷத்துக்கு முன் ஒரு பையனைக் காரணம் விசாரிக்காமல் அடித்ததை எழுதியிருந்தார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையன் இப்போது நடு வயது ஆள், சைசிங் மில்லில் வேலை. “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். வாத்தியார் வாடிப்போய் வந்தார். கேட்பதுதான் உங்கள் வேலை சார், கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம் என்றேன். அதற்குப் பிறகு அவர் நோட்டில் அந்தப் பையன் வரவில்லை.

மேல்பதிவுதான் நம் அன்றாடத் தொழில். கணக்கு எழுதியவளுக்கு இது உடனே விளங்கிவிட்டது. பேரேட்டில் தப்பாக ஒரு தொகை ஏறிவிட்டால் அதை ரப்பர் போட்டு அழிக்க முடியாது, பிளேடால் சுரண்டவும் முடியாது. அழித்தால் ஆடிட்டில் அதுவே பெரிய குற்றம். தப்பு நின்ற இடத்தில் நிற்கும். கண்டுபிடித்த தேதியில் ஒரு திருத்தப் பதிவு போட வேண்டும், எதனால் போடுகிறோம் என்று கீழே ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். பழைய பக்கத்தைப் புரட்டினால் தப்பு அங்கேயே இருக்கும். ஆனால் பாக்கித் தொகை சரியாகிவிட்டிருக்கும். கசப்பான நினைவும் அப்படியே. மொய் மேசையை என்னால் அழிக்க முடியாது. இன்றைய தேதியில் வேறொரு பதிவு போட முடியும். அதை அடுத்த விசேஷத்திலும் போட வேண்டும், அதற்கடுத்த விசேஷத்திலும் போட வேண்டும்.

என்ன பதிவு போடுவது? இதற்கு வழி நம் வீட்டிலேயே கிடக்கிறது. செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் நூற்றெட்டாவது குறளை எல்லாரும் சொல்வார்கள்: நன்றியை மறக்காதே, நல்லதல்லாததை அன்றைக்கே மறந்துவிடு என்பது கருத்து. அதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அன்றைக்கே எப்படி மறப்பது என்று யாரும் கேட்பதில்லை. வள்ளுவரோ அதைக் கேட்டவர் போலத்தான் அடுத்த குறளை வைத்திருக்கிறார். கொன்றாற்போன்ற தீங்கைச் செய்தவரானாலும், அவர் முன்பு செய்த ஒரே ஒரு நல்லதை நினைத்தால் அந்தத் தீங்கு இல்லாமல் போகும் என்கிறார். நூற்றெட்டு கட்டளை, நூற்றொன்பது செய்முறை. இதைப் பொறையுடைமையில் வைக்காமல் செய்ந்நன்றியில் வைத்தாரே, அதுதான் வள்ளுவர். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்று அவர் இங்கே சொல்லவில்லை. வேறொன்றை எடுத்து வை என்கிறார்.

ஒன்று போதும், ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். ‘அவரும் நல்லவர்தான்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மனசு நம்பாது. என் நாத்தனார் விஷயத்தில் தேடினேன். என் இரண்டாவது பிரசவத்தில், ஆஸ்பத்திரியில் என்னோடு தரையில் பாய் விரித்துப் படுத்தவர் அவர். என் துணியை முகம் சுளிக்காமல் அலசிப் போட்டவர் அவர். மொய் மேசையைச் சிலேட்டில் எழுதின மாதிரி தெளிவாக வைத்திருந்த எனக்கு அந்தப் பாய் எப்படி மறந்தது என்பது வேறு விஷயம். மைக் சத்தம் கேட்டதும் வழக்கு தொடங்கும், தொடங்கட்டும். அது தொடங்கியது தெரிந்ததும் நான் பாயை எடுத்து வைக்கிறேன். மேசையைத் தள்ளிவிடுவதில்லை, பக்கத்தில் பாயை விரிக்கிறேன். முதலில் பாய் நிற்கவே நிற்காது. வருஷக்கணக்கில் தேய்ந்த தடம் ஒரு பக்கம், புதுத் தடம் ஒரு பக்கம். பழக்கத்துக்கும் விளக்கத்துக்கும் நடக்கிற இழுபறி என்று மகரிஷி இதைத்தான் சொல்கிறார். எனக்கு விளக்கம் ஒரு நாளில் வந்துவிட்டது, பழக்கம் ஆறப் பல விசேஷங்கள் ஆயின. நாத்தனார் மாறவில்லை. இன்றைக்கும் அதே சத்தமான குரல்தான். போன மாதம்கூட என் சேலையைப் பற்றி ஏதோ சொன்னார்.

சினம் தவிர்த்தலில் பட்டியல் போடச் சொல்வோம். யார் யார் மேல் கோபம், எதற்காக, எத்தனை தடவை. எழுதி முடித்ததும் எல்லாருக்கும் உச்சியில் இருக்கிற பெயர் மேல்தான் கை போகும். தவம் முடிந்து மனம் அடங்கியிருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி வாழ்க வளமுடன் என்று வாழ்த்தப் பார்ப்பார்கள். விசைத்தறி வைத்திருக்கும் ஒரு அண்ணா அப்படித்தான் தொடங்கினார். அவர் பட்டியலில் உச்சியில் இருந்தது கூடப்பிறந்த தம்பி. பாகப்பிரிவினையில் வண்டித் தடம் யாருக்கு என்கிற தகராறு. கோர்ட்டு வரை போய்விட்டது.

“அக்கா, வாயில வரமாட்டேங்குதுங். வாழ்கன்னு சொல்றப்பவே பல்லு நறநறங்குதுங்.”

“அப்ப விட்டுடுங்கண்ணா. தினமும் பால் ஊத்துறவரு பேரு தெரியுமா?”

“தெரியாதுங்களே.”

“நாளைக்குக் கேட்டு வெச்சுக்கிட்டு அவர வாழ்த்துங்க.”

அவருக்கு இது விளையாட்டாகப் பட்டது. விளையாட்டு இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பாலி நூலில் மைத்திரி தியானம் செய்கிற வரிசை இருக்கிறது. பகைவனில் தொடங்காதே என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதலில் தன்னை, பிறகு மதிப்புக்குரியவரை, பிறகு வேண்டியவரை, பிறகு வேண்டியவரும் இல்லாத வேண்டாதவரும் இல்லாத ஒருவரை, அதற்கப்புறம்தான் பகைவனை. எங்கள் மனவளக்கலை மன்றத்துக்கும் அந்த நூலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மனசு ஒன்றுதானே. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நூறு தடவை வாழ்த்தினால் நூறு தடவை பல்லைக் கடித்ததுதான் பதிவாகும். பால்காரரிலிருந்து தம்பிக்கு வந்து சேர அந்த அண்ணாவுக்கு நெடுநாள் பிடித்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்குப் போய்விட்டு வந்து அன்றைக்குச் சாயங்காலமே தறியை ஓட்டுகிறார். முன்பு வாய்தா என்றால் இரண்டு நாள் தறி நிற்கும். சினம் தவிர்த்தலுக்குச் சொத்தை விட்டுக்கொடுப்பது என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். உரிமைக்கு வக்கீல் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எழுதத் தொடங்கிய முதல் சில நாள் மனசு மோசமாகும். நல்லாத்தானே இருந்தேன், கிளறிவிட்டுட்டீங்களே என்று கோபித்துக்கொண்டு நின்றுவிடுபவர்கள் உண்டு. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் தம் மாணவியோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிஷம் வாழ்க்கையில் பட்ட பெரிய அடியைப் பற்றி எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்கள் சோர்ந்துதான் போனார்கள். அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அது மனதுக்கு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே டாக்டரிடம் போனார்கள். ஆக, முதல் நாள் சோர்வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவர்கள் எழுதியது நாலே நாள்தான் என்பதையும் பாருங்கள். ஒரே சம்பவத்தை மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால் அது அகத்தாய்வு இல்லை, வழக்கு நோட்டுக்கு இடம் மாறிவிட்டது. என்னிடம் வருகிறவர்களுக்கு, புதிதாக எதுவும் வராத அன்றைக்கு அந்தப் பக்கத்தை மூடச் சொல்வேன்.

இன்னொரு வகை நினைவு உண்டு. அடி, பலாத்காரம், விபத்து, கண் முன்னால் நடந்த சாவு. நினைத்த மாத்திரத்தில் உடம்பு நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கத்தில் அலறி எழுகிறார்கள் என்றால் அது நோட்டுக்கும் தவத்துக்கும் உரிய வேலை இல்லை. கண்ணை மூடி உட்காருவதே அவர்களுக்குக் கெடுதலாகலாம். அவர்களை நான் எழுத விடுவதில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எந்த நேரத்திலும் தமிழிலேயே பேச 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கினார்கள், இலவசம். ‘யோகாவிலேயே சரியாகிவிடும்’ என்று ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வதைப் பக்தி என்று நான் நினைக்கவில்லை.

பதிவுகள் உயிரின் மையமான கருமையத்தில் இருப்பதாகவும் தலைமுறை தாண்டி வருவதாகவும் மகரிஷி சொல்கிறார். மாணவியாக நான் அதை ஏற்கிறேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து, அது உடம்பில் எங்கே இருக்கிறது அத்தை என்று கேட்டால் வாதாட மாட்டேன். தட்டைத் தள்ளி வைக்கிற உன் தாத்தாவின் கோபம் உன்னிடம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்பேன். இருக்கிறது என்றால் எழுது. எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

விட்டுவிடுவது என்றால் ஒரு நாள் ராத்திரி பாரம் முழுவதும் இறங்கி, மறுநாள் லேசாக எழுந்திருப்பது என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி யாருக்கும் நடக்கவில்லை. நடப்பது வேறு மாதிரி. நினைவு வருகிற தடவை குறைவதற்கு முன்னால், வந்த நினைவு தங்குகிற நேரம் குறைகிறது. முன்பு ஒரு நாள் முழுக்கக் கெடுத்தது இப்போது பந்தியில் உட்கார்ந்து பாயசம் வருவதற்குள் போய்விடுகிறது. இந்த மாற்றத்தை நோட்டு வைத்திருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும். வைக்காதவர், ‘இன்னும் வருதே, ஒண்ணும் பிரயோஜனமில்லை’ என்று விட்டுவிடுவார்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது பக்க நோட்டு போதும், அழகான டைரி வேண்டாம், அழகான டைரியில் அழகாக எழுதத் தோன்றும். பட்டியல் போட்டதும் உச்சியில் இருக்கிற பெயரைத் தொடாதீர்கள். கடைசியில் இருக்கும் சின்னக் கோபத்தை எடுங்கள்: சில்லறை கொடுக்காத கண்டக்டர், வாசலில் வண்டியை நிறுத்துகிற எதிர் வீட்டுக்காரர். நடந்ததை மூன்று வரியில் எழுதுங்கள். அவர் செய்த ஒரு நல்லதைத் தேடி அதன் கீழே எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் இடம் விட்டு வையுங்கள், இல்லாததை எழுத வேண்டாம். எழுதிய நோட்டை வீட்டில் யார் கண்ணிலும் படாத இடத்தில் வையுங்கள். அதில் அவர்கள் பெயரும் இருக்கும்.